அத்தான் பெயரில் நான் எழுதிய ஒரு வரி

மதிப்பிற்குரிய அத்தான் ரெய்யோ அவர்களுக்கு,

கயானியிலிருந்து உங்கள் மைத்துனன் தாவ்னோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் ஹெல்காவும் நலம். நீங்களும் இர்யா அக்காவும் நலம் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்ல மூன்று தடவை எடுத்து, வெட்கத்தில் வைத்துவிட்டேன்.

காகித ஆலையை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த இரண்டு பழைய வொர்க்ஸ்டேஷன் கணினிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தோமே, இன்றைய இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னல் அவற்றை அடையாளம் கண்டு ஓட்ட வேண்டும் என்று இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து நிரல் எழுதி அனுப்பினேன். கெர்னலில் அந்த மாதிரிக் கணினிகளுக்கான பகுதிக்குப் பொறுப்பான, துர்க்கு நகரத்து மார்கெத்தா அம்மா, "உங்களத் தவிர வேற யாராவது ஓட்டிப் பாத்தாங்களா? ஒத்த ஆளுக்காகச் சேக்க முடியாதுங்க" என்றுவிட்டார். எனக்குத் தெரிந்து இன்னொன்று உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதன்மேல் தக்காளித் தொட்டி உட்கார்ந்திருப்பதும் தெரியும், இருந்தும் கை சும்மா இருக்காமல் 'சோதித்துப் பார்த்தவர்: ரெய்யோ, நன்றாக ஓடுகிறது' என்று ஒரு வரி சேர்த்துத் தொலைத்தேன். அந்த அம்மாவும் நம்பி ஏற்றுக்கொண்டார். அந்த வரி இப்போது உலகம் பூராவும் போய்விட்டது.

ஹெல்காவிடம் சொன்னேன்.

"டிவி போடறதுக்கே உங்க அத்தானுக்கு அக்கா வேணும். அவரு கெர்னலைச் சோதிச்சாராக்கும்!"

"நல்ல மனுசன், கோவிச்சுக்க மாட்டாரு."

"அதனாலதான் அவரு தலையில கட்டினீங்களா?"

அதற்குப் பிறகு எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இதற்குள் மார்கெத்தா அம்மா நன்றி சொல்ல உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வரும் சனிக்கிழமை உங்கள் ஊர் குவோபியோவுக்கே வந்து உங்களைப் பார்ப்பாராம். தொட்டியை இறக்கிவிட்டு ஒரு தடவை சுவிட்சைப் போட்டு வையுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்க மனசு வரவில்லை. உண்மையை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். இனி உங்கள் பெயரை ஒரு பொய்க்கும் இழுக்க மாட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விலகட்டும்.

தலைகுனிந்தபடி,
தாவ்னோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அக்கா போனில் கூப்பிட்டாள். நன்றிக் கடிதம் வந்த அன்றே நீங்களும் அக்காவுமாக என் நிரலை ஏற்றி அந்த இயந்திரத்தைப் போட்டுப் பார்த்தீர்களாம், பாதியில் நின்றுவிட்டதாம், திரையைப் படமெடுத்து மார்கெத்தா அம்மாவுக்கே அனுப்பிவிட்டீர்களாம். "அப்ப தாவ்னோ வீட்டுல மட்டும் எப்படி ஓடுது?" என்று பார்க்க அவர் சனிக்கிழமை இங்கே வருகிறாராம். அத்தான், என்னுடைய இயந்திரம் போன குளிர்காலமே உயிரை விட்டது. கடைசியாக அனுப்பிய நிரலை நானும் ஓட்டிப் பார்க்கவில்லை. உங்களுடையதை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைப்பீர்களா? பாதி ஓடினாலும் போதும்.