ஐந்தாவது வரிசை எங்கே போனது?

குறிஞ்சாக்கேணி,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் நிப்றாஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா நஜ்முன் நிஸாவும் நலம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் மூன்று நாளாக அவள் என்னோடு கதைப்பதில்லை. அங்கு கட்டாரில் நீங்களும் பிள்ளைகளும் வெயிலில் வாடாமலிருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.

பெண்கள் தொழுகை அறைக்கு நீங்கள் அனுப்பிய ஐந்து சுருள் காப்பெட் விரிப்பும் வந்து சேர்ந்தன. வடிவான பச்சை, உங்களில் ஒரு குறையுமில்லை, முழுப் பிழையும் என்னில்தான். அந்த அறையின் முன்சுவரும் பின்சுவரும் கிப்லாத் திசையைப் பார்த்து நேராக நிற்கின்றன, பக்கச் சுவர்கள் இரண்டும் ஒழுங்கைச் சந்து போகிற போக்கில் களப்புத் தண்ணீர்ப் பக்கம் சரிந்து போகின்றன, நெருப்புப்பெட்டியின் மேல்மட்டையை ஒரு பக்கம் தள்ளிவிட்ட மாதிரி. பள்ளிக்கூடத்தில் இணைகரம் என்று கீறினோமே, அதுதான். நானோ துறைமுகச் சாமான் அறையில் முப்பத்தொரு வருடம் கயிறு அளந்தவன். கயிறு எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கமே அளவு நாடாவைப் பிடித்துப் பழகிய கை. முன்சுவர் முப்பது அடி, சரிந்த பக்கச் சுவர் இருபது அடி, பெருக்கினால் அறுநூறு, நாலடி அகலத்தில் ஐந்து வரிசை என்று உங்களுக்கு எழுதிவிட்டேன். காற்று நல்லாக வீசியது, வேறொன்றும் யோசிக்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை விரித்துப் பார்த்தால் நாலாவது வரிசையோடு பின்சுவர் வந்துவிட்டது! ஐந்தாவது சுருள் என் தோளில். நிஸா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பின் ஒழுங்கைப் பொம்புளையள் பதினஞ்சு பேருக்கும் இடமிரிக்கி எண்டு வீடு வீடாப் போய்ச் சொன்னனே, இனி அவங்கட மூஞ்சில நான் எப்படி முழிக்கிற?" என்றாள். அத்தோடு என்னோடு கதைப்பது நின்றது.

எல்லாரும் போனபின் அந்தச் சுருளின் மேலேயே சாய்ந்தேன். களப்புத் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. எப்போது கண் அயர்ந்தேனோ தெரியாது, பக்கச் சுவர்கள் இரண்டும் மெதுவாக நிமிர்ந்தன மச்சான், ஒரு சத்தமுமில்லாமல். பின்சுவர் நாலடி பின்வாங்கி நின்றது. அந்த இடத்தில் பதினைந்து பேரும் வெள்ளை உடுப்போடு வந்து நின்றார்கள், நிஸா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் விழித்தால் சுவர்கள் பழையபடி சரிந்துதான் கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் நிஸா தையல் கத்தரிக்கோலோடு வந்தாள். கூட அடுத்த வீட்டு சனூஸா. நான் பக்கத்தில் நிற்க, சனூஸாவிடம் சொல்கிறாள்: "புள்ளைக்குச் சட்டை தைக்கப் போனா உசரத்த நேரா நிக்கவெச்சு அளக்கிறதா, சாய்ச்சுவெச்சு அளக்கிறதா எண்டு இந்த மனுசனிட்டக் கேளு." சனூஸா என்னிடம் கேட்டாள். "நேராத்தான்" என்றேன். "நேராத்தானாம் ராத்தா" என்றாள் அவள். முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு நிஸா ஒரு நூலை நேராக இழுத்துப் பிடித்தாள். பதினாறு அடி! அதுதான் இணைகரத்தின் உயரமாம், சரிவு கணக்கில்லையாம். முப்பது தரம் பதினாறு, நானூற்று எண்பது. நாலே நாலு வரிசை.

அதோடு விட்டாளா? ஒவ்வொரு வரிசையும் ஒரு முனையில் சுவரில் ஏறியது, மறுமுனையில் முக்கோணமாகத் தரை தெரிந்தது. ஏறின மூலையை வெட்டிக் கொண்டுபோய் அந்த வெறுந்தரையில் வைத்தாள். அச்சொட்டாகப் பொருந்தியது, ஒரு துண்டு வீணாகவில்லை. அறையில் ஒரு மூலையிலும் இடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஐந்தாவதை வெளியே பின் விறாந்தையில் விரித்தோம். "எங்கள வெளியில தள்ளிட்டாங்க எண்டு அந்தப் பதினஞ்சு பேரும் நினைப்பாங்க சனூஸா" என்று நிஸா கவலைப்பட்டு, முதல் வரிசையில் தனக்கென்று வைத்திருந்த இடத்தை விட்டுக் கொடுத்துத் தானும் விறாந்தைக்கு வருவதாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே மச்சான், இனி ஒரு சாண் காப்பெட்டும் அனுப்ப வேண்டாம். அளவென்று என்னிடம் ஒருநாளும் கேட்கவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் வீட்டில் பரக்கத் நிறையட்டும்.

வஸ்ஸலாம்,
உங்கள் மச்சான்
ஸெய்னுதீன்

பி.கு.: இப்போது அஸர் தொழுகை முடிந்துவிட்டது. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். நிஸா விறாந்தைக்குப் போனாள் என்றதும் அத்தனை பெண்களும் பின்னாலேயே போய்விட்டார்கள், உள்ளே சரிவுக்கு வெட்டிப்போட்ட நாலு வரிசையும் சும்மா கிடக்கின்றன. "காத்து வெளியில, உள்ள ஆர் இரிக்கிற?" என்கிறார்களாம். விறாந்தைக்கு இன்னும் மூன்று சுருள் வேண்டும். இந்த முறை நிஸாதான் அளந்தாள். "இஞ்ச வாங்க, இந்த முனையப் புடிங்க, ஆடாம நில்லுங்க" என்று என்னிடமே சொன்னாள். நான் ஆடவேயில்லை மச்சான்.