எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஓட்டை

"நுரையீரல் வருதுன்னுதானே சொன்னீங்க? அம்மனே வந்து எறங்கியிருக்கு!" என்றார் டீக்கடை அமிர்தலிங்கம்.

சிறுவாச்சூரில் கோயிலுக்குத் திரும்பும் பாதையோரம், வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, குட்டியானை வண்டியிலிருந்து நாலு பேர் மூச்சு முட்ட இறக்கி வேப்பமரத்தோடு ஒட்டி நிறுத்திய பொருளைக் கலைவாணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கேட்டது ஓர் உண்டியல். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்கு உதவுகிற 'மூச்சுத்துணை' அறக்கட்டளைக்காக, நுரையீரல் வடிவத்தில் ஓர் உண்டியல். அறக்கட்டளை என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அரியலூரில் இரண்டு அறை, இரவல் கொடுக்க மூன்று ஆக்சிஜன் மெஷின், செவ்வாய்க்கிழமை தோறும் நோயாளிகளைத் திருச்சிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிற ஒரு வாடகை வேன், அவ்வளவுதான். இப்போது அந்த வேனுக்குத்தான் ஆபத்து. வருகிற செவ்வாய்க்கிழமை வாடகைக்குக் கையில் காசில்லை. வேன் வராவிட்டால் அதில் போகிற பதினோரு பேரும் மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். அதில் பாதிப் பேருக்கு ஒரு பஸ்ஸில் ஏறவே மூச்சு போதாது. போகாமலே இருந்துவிடுவார்கள்.

"இந்த வாரம் புதுசா ஒருத்தர் வேற பேர் குடுத்திருக்காருப்பா, பன்னெண்டு ஆச்சு" என்று செயலாளர் தனம் டீச்சர் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கலைவாணன் மட்டும் எழுந்து, "நான் பாத்துக்கிறேன் டீச்சர்" என்றான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற கலைவாணனுக்கு அது பிறவிக் கோளாறு. யார் வீட்டுக் காரியம் என்றாலும் "நான் பாத்துக்கிறேன்" என்று வாய் முந்திக்கொள்ளும். எப்படி என்று யோசிக்கிற வேலை பிறகுதான். ஆனால் இந்தத் தடவை அவனுக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் வேனில் துணைக்குப் போகிறவன் அவன். பதினோரு பேரில் யார் ஜன்னலோரம் கேட்பார்கள், யாருக்குப் பாடாலூர் தாண்டினால் குமட்டும் என்பதுவரை அவனுக்குத் தெரியும்.

உண்டியல் செய்ய ஆண்டிமடத்துக் கொளஞ்சியைப் பிடித்தான். கொளஞ்சி கொத்தனார், குலசாமி கோயில்களுக்குச் சிமெண்டில் குதிரையும் வீரனும் செய்கிறவர். கூலி வேண்டாம், சிமெண்டுக்கு மட்டும் கொடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் சாமி செய்த கை, நுரையீரலையும் சாமியாகவே செய்து அனுப்பியிருந்தது. கீழே தாமரைப் பீடம். அதன்மேல் இடுப்பு உயரத்துக்குச் செக்கச் சிவந்த எனாமல் பெயிண்டில் இரண்டு நுரையீரல்கள், ஓரமெல்லாம் தங்க வர்ணம். நடுவே எழும்பி நின்ற மூச்சுக்குழல் கிரீடம் வைத்தாற்போல் இருந்தது.

அதைவிடக் கலைவாணனை உறுத்தியது வேறொன்று.

"ஏம்மா தமிழ்மொழி, உண்டியல்னா நடுவுல நீட்டா ஒரு கீறல் இருக்கணும். இது என்ன, எடது பக்கம், மேல, தோள்பட்டைகிட்ட எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்டை?" என்று வண்டியில் வந்த கொளஞ்சியின் மகளைக் கேட்டான்.

"அப்பா அங்கதாங்க சார் வெச்சாங்க. அளவு தப்பாது."

"நான் பத்து நாளைக்கு முன்னாடியே வாட்ஸாப்ல படம் அனுப்புனேனே?"

"அப்பாகிட்ட பட்டன் போனுதான் சார். சரி, வண்டிக்கு நேரமாச்சு. சாயங்காலம் வரேன்." வண்டி கிளம்பிவிட்டது.

கலைவாணன் போனை எடுத்துப் பார்த்தான். பாடப்புத்தகத்து நுரையீரல் படம் ஒற்றை டிக்கோடு அப்படியே கிடந்தது. அப்படியானால் மனுஷன் எதைப் பார்த்து இதைச் செய்தார்? அதை யோசிப்பதற்குள் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் மலர்கொடி என்று பிறகு தெரிந்தது.

"சாமி புதுசுங்களா?"

"சாமி இல்லக்கா. இது நுரையீரல்."

"இருக்கட்டும். எங்க வூட்டுக்காரருக்கு அதுலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு குங்குமப் பொட்டு வைத்தாள். பத்து ரூபாயை ஓட்டைக்குள் போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பொட்டு வைத்த பிறகு அது நுரையீரல் என்று சொன்னால் பெற்ற தாய்கூட நம்ப மாட்டாள். அடுத்து வந்தவர்கள் பூச் சாத்தினார்கள். பம்பு செட்டு வேலைக்குப் போகிற ஒருவர் டி.வி.எஸ்ஸை நிறுத்திச் சூடம் ஏற்றினார்.

கலைவாணன் பதறிப்போய்க் கொண்டுவந்திருந்த பிளெக்ஸ் பேனரை எடுத்து மேலே கட்டினான். 'மூச்சுக்கு உதவுங்கள்' என்பது சின்ன எழுத்தில் இருந்தது. கைகூப்பிச் சிரிக்கும் கலைவாணனின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அச்சகத்துக்காரர் பழக்கதோஷத்தில் சுற்றிலும் பூமாலை போட்டுவிட்டிருந்தார். இதுவரை கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் இப்போது, "தர்மகர்த்தா நீங்கதானா சாமி? கும்பாபிஷேகம் என்னிக்கு?" என்று அவனிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

யாரும் கிட்டே போகாமலிருக்கக் கயிறு கட்டினான். கயிற்றைப் பார்த்ததும் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். வரிசையைப் பார்த்துப் பெரம்பலூர் டவுன் பஸ் ஒன்று நின்றது. உள்ளேயிருந்து முப்பது பேர் இறங்கினார்கள்.

"திருநீறு குடுங்க சாமி" என்று ஒரு கை நீண்டது.

"நான் சாமி இல்லைங்க. ஜெராக்ஸ் கடை."

"எதுவா இருந்தா என்ன, உங்க கையால குடுங்க."

அமிர்தலிங்கம் கடையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைத் தட்டில் கொட்டி அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். காலையிலிருந்து நாலாவது தடவையாகப் பால் வாங்க ஆளை அனுப்பியிருந்த சந்தோஷம் அவருக்கு.

கலைவாணன் ஓரமாக ஒதுங்கிக் கொளஞ்சிக்குப் போன் போட்டான். "அண்ணே, சாமின்னு நெனச்சுக் கும்புடறாங்கண்ணே! இப்ப நான் என்ன பண்றது?"

மறுமுனையிலிருந்து, "ஓட்டை... அடைஞ்சுதா?"

"அது எப்படிண்ணே அதுக்குள்ள அடையும்? நான் என்ன கேக்கறேன்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பேசுவதற்குக் கூடவா இந்த மனுஷன் சிக்கனம் பிடிப்பார் என்று கலைவாணனுக்கு எரிச்சலாக வந்தது.

இனி ஒளிவுமறைவு வேண்டாம், உண்மையை ஊரறியச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். எலி மருந்து விற்கும் ஆட்டோவை நிறுத்தி மைக்கை வாங்கினான்.

"எல்லாரும் கேளுங்க! இது சாமி இல்லை. நெசமாவே இல்லை. இது மனுஷனோட நுரையீரல். நம்ம பக்கத்துல எத்தனையோ பேருக்குக் கேன்சர் வந்து மூச்சு விட முடியலை. பீடி குடிச்சவங்களுக்கும் வருது, ஒரு நாளும் தொடாத பொம்பளைங்களுக்கும் வருது. அவங்களைத் திருச்சிக்கு வேன்ல கூட்டிட்டுப் போறோம். வர்ற செவ்வாக்கெழம அந்த வேனுக்குக் காசு இல்லை. அதுக்குத்தான் இது. சாமின்னு நெனச்சுப் போட்டவங்க சொல்லுங்க, திருப்பித் தந்துடறேன்!"

நெடுஞ்சாலையில் லாரி போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. கலைவாணன் கண்ணை மூடிக்கொண்டான். எல்லோரும் கலைந்துபோய்விடுவார்கள், செவ்வாய்க்கிழமை வேன் அவ்வளவுதான் என்று தோன்றியது.

கண்ணைத் திறந்தபோது சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர் ஒருவர் முன்னால் நின்றார். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

"அந்த மைக்கைக் குடுங்க சார்." வாங்கி, ஒரே ஒரு பெயரைச் சொன்னார். "இராமலிங்கம்." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் இருந்ததை அப்படியே ஓட்டைக்குள் போட்டார். "எங்கண்ணன். போன மாசி மாசம் செத்துப்போச்சு. வேன் இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் மைக்குக்குக் கை நீட்டினாள். "அம்சவள்ளி. எங்கம்மா." அடுத்து ஒரு காலேஜ் பையன். "பிரசாத். கூடப் படிச்சவங்க அப்பா." பிறகு வரிசையே மைக்குக்குத்தான் வந்தது. பெயர் சொல்ல ஆளில்லாதவர்கள், "யாரா இருந்தாலும்" என்று சொல்லிவிட்டுப் போட்டார்கள். சிலர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி நோட்டோடு சுருட்டி உள்ளே தள்ளினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கலைவாணன் உண்டியல் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நின்ற நாட்களில் இந்த ஜனங்கள்தானே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்? ஒரு வீடு விடாமல் எல்லா வீட்டிலும் ஓர் இருமல் இருந்திருக்கிறது. சொல்ல ஓர் இடம் இல்லாமல் இருந்திருக்கிறது. தன் கண்ணெதிரே நடப்பது என்னவென்று அவனுக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

மூன்று மணிக்கு ஓட்டைவரை நிறைந்துவிட்டது. நோட்டு, சீட்டு, பூ, குங்குமப் பொட்டலம் எல்லாமாகச் சேர்ந்து கழுத்துவரை வந்து நின்றது. கடைசியாக வந்த பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை அதில் வைத்து அழுத்தினாள். அளவெடுத்தாற்போல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் கலைவாணனுக்கு ஒன்று உறைத்தது. பணத்தை வெளியே எடுக்க வழி? முன்னால் கதவில்லை, பக்கவாட்டில் கதவில்லை. கொளஞ்சிக்குப் போன் போட்டான்.

"அடைஞ்சுதா?" என்றது அந்தப் பக்கம், எடுத்த எடுப்பிலேயே.

"அடைஞ்சுபோச்சுண்ணே! எலுமிச்சம்பழம் வேற வெச்சுட்டாங்க. எப்படித் தெறக்கறது, அதைச் சொல்லுங்க!"

மறுமுனையில் அவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. "பாப்பா... வரும்" என்றார். வைத்துவிட்டார்.

அதுவரை பொறுமை இருந்தால் அவன் கலைவாணனே இல்லை. பக்கத்துப் பஞ்சர் கடையில் ஒரு சுத்தியலை வாங்கிக்கொண்டு வந்தான்.

"யோவ்! என்ன பண்ணப் போற?" என்று கூட்டம் அலறியது.

"சாமி இல்லைன்னு காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேனேங்க!"

"சரி, சாமி இல்ல. எங்கண்ணன் பேரு உள்ள இருக்கு. மேல கைய வெச்சுப் பாரு" என்றார் லாரி டிரைவர். சரக்கு இறக்கப் போகாமல் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

கலைவாணன் சுத்தியலைப் பீடத்தின் மேல் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தான். துடைத்து முடிப்பதற்குள் சுத்தியலுக்கும் யாரோ பொட்டு வைத்துப் பூச் சாத்திவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்துத் தனம் டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். முப்பத்தைந்து வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவர். கிரகணத்தன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் காட்டியவர். பேனரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பொட்டு வைத்த சுத்தியலைப் பார்த்தார்.

"டீச்சர், நான் சாமின்னு சொல்லவே இல்லை டீச்சர்..." என்று கலைவாணன் ஆரம்பித்தான்.

அப்போது ஒரு கிழவர் மைக்கில் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, மைக்கை விட மனமில்லாமல் இன்னொரு தடவை சொன்னார். டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, எல்லாரும் நிக்கிற எடத்துல நீ மட்டும் செருப்போட நிக்கிற?" என்றார்.

நாலரை மணிக்குத் தமிழ்மொழி வந்தாள். கலைவாணன் முறையிட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு, நேராகப் பின்பக்கம் போய், பீடத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் கையை விட்டாள். பூசாமல் விட்டிருந்த ஒரு செங்கல் லேசாக உருவிக்கொண்டு வந்தது. அவள் விரித்த சாக்கின் மேல் நோட்டும் சீட்டும் பூவுமாகக் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

டீச்சர் குனிந்து சீட்டுகளை மட்டும் தனியாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். "செவ்வாக்கெழமையா? பொங்கல் வரைக்கும் வேன் ஓடும்பா" என்றார்.

எல்லாம் கொட்டிய பிறகும் முன்பக்கத்து எலுமிச்சம்பழம் மட்டும் அசையாமல் ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்தது. தமிழ்மொழி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனை எடுத்து, "அப்பா, நானே பாத்துட்டேன்ப்பா. அடைஞ்சுதான் இருக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கலைவாணனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, காலையிலேர்ந்து உங்கப்பா ஓட்டை அடைஞ்சுதா, அடைஞ்சுதான்னே கேக்கறாரே, பணம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. அப்படி என்ன அந்த ஓட்டையில?"

"வேன்ல வரப்போற பன்னெண்டாவது ஆளு எங்கப்பாதாங்க சார்" என்றாள் தமிழ்மொழி. "தன்னோட எக்ஸ்ரேவப் பாத்துதான் இதைச் செஞ்சாரு. அதுல புள்ளி எங்க இருந்துச்சோ, அங்கதான் ஓட்டை வெச்சாரு."