சுண்ணாம்பு சாருக்குப் பாராட்டு விழா

காஞ்சிபுரத்தில் சாமிக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். போலீஸுக்குப் பயப்படாதவர்களும் இருந்தார்கள். சுண்ணாம்பு சாருக்குப் பயப்படாத ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. எழுபதுகளில் அந்த ஊரில் வீடு கட்டியவர், கட்ட நினைத்தவர், கட்டினால் எப்படி இருக்கும் என்று பாயில் புரண்டவர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் பேரைச் சொன்னதும் முதலில் தங்கள் வீட்டு வாசற்படியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நகராட்சியில் அவர் நகரமைப்பு அதிகாரி. நான் அவருடைய பிரிவில் குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் அளவு டேப்பு, சட்டப் புத்தகம், ஒரு டப்பா சுண்ணாம்பு, ஒரு பிரஷ். யாருடைய படியோ சாய்ப்புக் கூரையோ தெருவுக்குள் மூக்கை நீட்டியிருந்தால், சார் அங்கேயே குந்தி உட்கார்ந்து தன் கையாலேயே வெள்ளைக்கோடு போட்டுவிடுவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்களுடையது, இந்தப் பக்கம் ஊருடையது. இதற்கெல்லாம் ஒரு வேலையாளை வைத்துக்கொள்ளலாமே சார் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். வேலையாள் போட்டால் கோடு வளையும், வளைந்த இடத்தில் ஒருத்தன் பீடா கடை போடுவான் என்றார்.

ஒரு முச்சந்தியில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர், தன் கடைக்கு நடுவில் கோடு விழப்போகிறது என்று மோப்பம் பிடித்து, கடை வாசலில் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். சாமி இருக்கும் இடத்தில் சார் கை வைக்கமாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை. சார் வந்தார். செருப்பைக் கழற்றினார். தலையில் குட்டிக்கொண்டு, தோப்புக்கரணம் போட்டு, விபூதியும் பூசிக்கொண்டார். அப்புறம் பையைத் திறந்து பிள்ளையார் பேருக்கே நோட்டீஸ் எழுதினார். வாங்கிக் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால், விதிப்படி பக்கத்துச் சுவரில் ஒட்டினார். ‘உரியவர் முன்னிலையில் ஒட்டப்பட்டது, பதில் பேசவில்லை’ என்று கோப்பில் குறிப்பு வேறு. கெடு முடிவதற்குள் கடைக்காரரே பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நோட்டீஸ் வாங்கின பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தால் பலிக்குமா என்று சனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம்.

சாமியோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மனுஷன் தனக்கே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டார். அவருடைய சொந்த வீட்டுப் படி கோட்டைத் தாண்டி இருந்தது. அதிகாரி என்ற முறையில் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பினார். வீட்டுக்காரர் என்ற முறையில் அதிகாரிக்குப் பதில் எழுதினார். மனைவிக்கு முழங்கால் வலி, படி இல்லாமல் இறங்க முடியாது, தயவு காட்ட வேண்டும் என்று உருக்கமான பதில். டைப் அடித்த எனக்கே கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஆபீஸில் அதையே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ‘விளக்கம் திருப்திகரமாக இல்லை’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்து படியை உடைத்தார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டம்மா ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கோலம் போட இறங்குவார். நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் கோப்பு கொடுக்கப் போனபோது அம்மா என்னிடம் சொன்னார்: “ஊர்ல இருக்கிறவங்களுக்கு இவரு மேல அப்பீல் போவ கோர்ட்டு இருக்குது. நான் எங்க தம்பி போறது?”

கல்யாண வீடுகளில் நடந்த கூத்து தனி. சாரை யாரும் அழைக்காமல் இருக்க முடியாது, பெரிய அதிகாரி. வருவார், மொய் எழுதுவார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். கை கழுவியதும் டேப்பை எடுத்துக்கொண்டு பந்தல்கால்களைச் சுற்றி வருவார். ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் மணமேடையைப் பார்க்க, இவர் மட்டும் அண்ணாந்து வாசல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி ஏறியதும் பெண்ணின் அப்பாவிடம் போய், வைக்கோல் வண்டி வந்தால் இதில் இடிக்குமே என்றார். அந்த மனுஷர் கையிலிருந்த அட்சதையைக் கீழே போட்டுவிட்டார். அதோடு சார் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகள் மெல்ல மெல்ல நின்றுபோயின.

சாருக்கு அது ஒரு விஷயமே இல்லை. அம்மாவுக்குத்தான் அடி. பட்டு நெய்கிற ஊரில், பீரோ நிறையப் பட்டுச்சேலையை வைத்துக்கொண்டு, உடுத்திப் போக ஒரு கல்யாணம் இல்லை. மார்க்கெட்டுக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் படி போனவர், சாய்ப்பு போனவர் எல்லோரும் முணுமுணுப்பார்கள். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அதை என்னிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். “நாலு பேரு நிக்கிற எடத்துல யாராவது ஒருத்தரு இவர நல்ல மனுசன்னு சொல்லணும்பா. அத நான் காதால கேக்கணும். இத்தினி வருசமா கேட்டது எல்லாம் திட்டுதான்.”

திட்டுவதில் முதல் பரிசு பாவுத் தெரு கோதண்டத்துக்குத்தான். பாவு என்றால் பட்டுச்சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூல். அதைக் காலையில் தெரு நீளத்துக்கு மூங்கில் கால்களில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி கொடுத்து, வெயிலில் காயவிடுவார்கள். ஈரப் பாவைப் பாதியில் தூக்கினால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழாகும். அதனால் வீட்டு ஆள்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் நின்று, அறுந்த இழையை முடிந்துகொண்டே காவல் காப்பார்கள். அந்தத் தெருவில் சார் ஒரே மாதத்தில் ஒரு வாடை, அதாவது தெருவின் ஒரு பக்க வரிசை, முழுக்கக் கோடு போட்டுப் படிகளை எடுத்துவிட்டார். கோதண்டத்தின் அப்பா ஆசையாகக் கட்டிய கடப்பைக் கல் படியும் அதில் போனது. அன்றிலிருந்து சார் தெருவில் கால் வைத்தால் கோதண்டம் தறியை நிறுத்திவிட்டு வந்து திட்டுவார். எப்போதும் புதுசு புதுசாகத் திட்டுவார். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, படி இல்லாத வாசலை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுப் போவார்.

அப்புறம்தான் மெட்ராஸிலிருந்து அந்த வரைபடம் வந்தது. புது நகரமைப்புச் சட்டம் வந்த சமயம். ஊருக்கே திட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதில் பாவுத் தெருவின் நடுவே ஒரு சிவப்புக் கோடு. பஸ் போகும் பாதை. இத்தனை நாளும் அடுத்தவர் வாசலில் கோடு போட்ட மனுஷர், அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். தெருக்காரர்களிடம் ஆட்சேபணை எழுதி வாங்கப் போனார். சுண்ணாம்பு டப்பாவோடு வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் திட்டம் போட்ட பெரிய அதிகாரியையே ஒரு விடியற்காலையில் அழைத்துவந்து பாவுக்கு நடுவில் நிறுத்தினார். இது தெரு இல்லை சார், கூரை இல்லாத தொழிற்சாலை, தொழிற்சாலைக்கு நடுவில் பஸ் விடுவீர்களா என்று சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். அதிகாரி நல்ல மனுஷர். பஸ் வேறு தெருவுக்குப் போனது. பாவுத் தெருவில் காலை வேளையில் பாவு காயும்வரை எந்த வண்டியும் நுழையக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதி, அந்த அதிகாரியே கையெழுத்துப் போட்டார்.

சார் ஓய்வு பெறும் வருஷம், நகரமைப்பிலும் அதன் சட்டத்திலும் செய்த பணிக்காக அவரைக் கௌரவிக்கிறோம் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. பட்டயம் கொடுத்துப் பேச அதே பெரிய அதிகாரி வருகிறார். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பீரோவைத் திறந்து எந்தச் சேலை என்று முடிவெடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று. சாரும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். நன்றி சொல்லும் பேச்சை எழுதி என்னிடம் காட்டினார். முழுக்கப் பிரிவும் உட்பிரிவுமாக இருந்தது. நன்றி என்ற வார்த்தை மட்டும் இல்லை. நான்தான் கடைசியில் சேர்த்தேன்.

யார் வருவார்கள் என்பதுதான் எங்களுக்குப் பயம். பாதி ஊருக்கு அவர் மேல் கோபம். இடம் என்னவோ பாவுத் தெரு நெசவாளர் சங்கக் கட்டடம் கிடைத்தது. நாள் பார்த்தவர் எங்கள் மேனேஜர். பஞ்சாங்கத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டி, அந்த மாதத்திலேயே இதைவிட நல்ல காலை வேளை கிடையாது என்று குறித்துக் கொடுத்தார். மேனேஜருக்கு நல்ல நாள் என்றால் நெசவாளருக்கும் அது நல்ல நாள்தானே. புதுப் பாவு போடக் காத்திருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் அதே பஞ்சாங்கத்தைப் பார்த்து அதே காலையில் பாவு போட்டார்கள். நாம் ஒருத்தர் போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது தெரு முழுக்க ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கஞ்சி சொட்டச் சொட்டப் பட்டு. சங்கக் கட்டடமோ படி எடுக்காத எதிர்வாடையில், தெருவின் நடுவில். அங்கே மைக்கு, மாலை, நாற்காலி எல்லாம் தயார். அந்தப் பக்கப் படிகளை ஒட்டியே பாவு நின்றதால், போக வேண்டுமானால் ஈரப் பாவுக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். தெருமுனையில் பெரிய அதிகாரியின் கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் கோட்டும் தொப்பையுமாக இறங்கினார். தவழுகிற உடம்பு இல்லை. தாமல் ஏரிப் பக்கம் ஒரு மனைப்பிரிவைப் பார்க்க ஆள்கள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் போகணும் என்றார். மேனேஜர் பதறிப்போய், சங்க வாசல் வரை நீண்ட முதல் பாவை மட்டும் தூக்கினால் காரே உள்ளே போய்விடும் என்றார்.

முதல் பாவு கோதண்டத்துடையது. அவர் சாரைப் பார்த்தார், பக்கத்தில் அரக்குச் சேலையில் நின்ற அம்மாவையும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயைத் திறக்கக் காத்திருந்தோம். அவர் தன் மகன்களைக் கூப்பிட்டார். “அவுத்துடுங்கடா. நூலு போனா போவட்டும். சாரு விழா நடக்கணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன்கள் மூங்கில் காலில் கை வைத்துவிட்டார்கள். அதற்குள் சார் குறுக்கே போய் நின்றார். கையெடுங்கடா என்று அதட்டிவிட்டு, பெரிய அதிகாரியிடம் திரும்பிக் கைகூப்பினார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. “பாவு காயறவரைக்கும் வண்டி உள்ள வரக் கூடாது சார். நீங்க கையெழுத்துப் போட்ட விதி.”

அதிகாரி சிரித்துவிட்டார். சாரின் தோளைத் தட்டி, பட்டயத்தை மேனேஜர் கையில் கொடுத்து, வாட்சைப் பார்த்து, காரில் ஏறிவிட்டார். அவர் சாரைப் பற்றிப் பேச எழுதி வைத்திருந்த பேச்சும் சட்டைப் பையிலேயே அவரோடு போய்விட்டது. கார் திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். முந்தானையை மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் சார் மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பத்திரிகை போடாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தச் சட்டத்தை மூடி வைக்கக் கூடாதா ஐயா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

சார் அம்மாவைப் பார்த்து, வா, வீட்டுக்குப் போகலாம் என்றார். இரண்டு பேரும் பாவுக்கும் சுவருக்கும் நடுவில், படிகள் போன இடத்தில், ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். நான் பட்டயத்தை மேனேஜரிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பாவை விட்டு நகர முடியாததால் தெருக்காரர்கள் அவரவர் நூலைப் பிடித்தபடியே நின்றார்கள். சார் அருகில் வந்ததும் கோதண்டம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

“சார், விழாவுல பேசறதுக்கு சங்கத்து சார்புல எனக்குந்தான் சீட்டு குடுத்து இருந்தாங்க. அங்க போவ முடியாது, இங்கியே சொல்லிடறேன். எங்கப்பன் கட்டின படிய ஒடச்சீங்க. இந்தத் தெருவுல உங்கள என்னாட்டம் திட்டினவன் எவனும் கெடையாது. இன்னிக்கி இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கி பாவு ஒரு எடத்துல முட்டாம நிக்குதுன்னா, அந்தப் படிங்க இல்லாததாலதான் நிக்குது. பஸ்ஸு வராததாலதான் நிக்குது. எங்களுக்கு பேசத் தெரில. கதவ சாத்திக்கினோம். நீங்க பேசினீங்க. நீங்க நல்ல மனுசன் சார்.”

அடுத்த பாவில் நின்ற பெண் கையில் இழையோடு தலையை ஆட்டினாள். அதற்கும் அடுத்த பாவிலிருந்து ஒருவர், எங்க வூட்டு பேருலயும் அதையே எழுதிக்கங்க என்றார். சார் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புதுச் சட்டையில் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

அம்மா நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: “அவரு கடைசியா சொன்னது எனக்கு சரியா காதுல விழல தம்பி. இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு.”

கோதண்டம் இன்னொரு வாட்டி சொன்னார், தெருமுனை வரை கேட்கும்படி. எறும்பு ஊர்ந்தால்கூட அம்மாவுக்குக் காதில் விழும் என்பது சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.