செல்ஃப் சாரும் எட்டு லிங்கமும்

திருவண்ணாமலையில் கார் வைத்திருந்தவர்களிலேயே அதிகமாக நடந்தவர் செல்ஃப் சார்தான். கோபுர வாசலில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஊரில் மற்றவர்கள் கார் வாங்கிய பிறகு நடையைக் குறைத்தார்கள். இவர் கார் வாங்கிய பிறகுதான் நடக்கவே ஆரம்பித்தார். பாதி நேரம் காருக்குப் பின்னால், மீதி நேரம் அதற்குச் சாமான் தேடி.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் குமாஸ்தா. தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அறையில், என்னைப் போல இன்னும் இரண்டு பிரம்மச்சாரிகளோடு குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர், அவர்தான் செல்ஃப் சார். முன் கூடத்தில் அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பின்னால் குடித்தனம், வாசலில் கார். தினமும் காலையில் காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். "இன்னிக்கி செல்ஃப் எடுக்கும் பாரு" என்பார். கார் கிழவன் மாதிரி இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்துபோகும். உடனே தலையை வெளியே நீட்டி மாடியைப் பார்ப்பார்.

"தம்பிங்களா!"

வாயில் இட்லியோடு இறங்கி வருவோம். அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர், கரண்ட், தள்ளு மூன்றும் பொது. தள்ளாமலே எஞ்சினைக் கிளப்ப வேண்டிய அந்த செல்ஃப் ஒருநாளும் எடுத்ததில்லை. அதனாலேயே அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. கோயில் குருக்கள்கூட அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "செல்ஃப் சார், கோத்திரம் சொல்லுங்க" என்பார்.

கார் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. செங்கம் பக்கம் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் சும்மா கிடந்ததை இவர் போய் வாங்கினார். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் வண்டியை எடுத்து வந்தார் என்று அவர் மனைவி கமலாக்கா சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காரை வாங்கியதே கமலாக்காவுக்காகத்தான். ஒரு சமயம் சாருக்கு டைபாய்டு வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தார். அவர் எழுந்து உட்கார்ந்தால் மலையைச் சுற்றி வருகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டார். சார் எழுந்துவிட்டார். ஆனால் வேண்டுதலை முடிப்பதற்குள் அக்கா குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. எலும்பு கோணலாகக் கூடியதில், தெரு முனை வரைக்கும் நடப்பதே பெரும்பாடு. மலையைச் சுற்றுவது எங்கே? அதற்குத்தான் கார் வந்தது; அதுவும் அவ்வளவு தூரம் ஓடுகிற வழியாக இல்லை.

கீழ்பென்னாத்தூரில் கடலைக்காய் மண்டி வைத்திருந்த அக்காவின் அண்ணன், "ஜீப்புல வா தங்கச்சி, ஒரு மணி நேரத்துல சுத்தி இறக்கிடறேன்" என்றார். சாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்காக வேண்டிக்கிட்டது மச்சான். நான்தான் கூட்டிட்டுப் போவணும். அதுவும் என் வண்டியில."

"எது, இந்தக் கோழிக்கூண்டுலயா?"

"தள்ளாம, கயிறு கட்டாம, அது சொந்த பலத்துல சுத்தி வரும். வரலன்னா நீயே ஜீப்புல கூட்டிட்டுப் போ. வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுடறேன்."

"எப்ப வரைக்கும்?"

"வர்ற கார்த்திகை தீபத்துக்குக் கொடி ஏறுறதுக்குள்ள."

ரோஷத்தில் வாய் தவறி வந்த கெடு. ஆனால் சார் சொன்ன சொல்லிலிருந்து இறங்குகிற ஆள் இல்லை.

அவர் ரிப்பேர் பார்க்கிற விதமே தனி. ஊரில் மெக்கானிக்குகள் இருந்தார்கள். ஆனால் இவர் தலையைக் கண்டாலே கடையில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போய்விடுவார்கள். காரணம், கழற்றுகிற ஒவ்வொரு திருகுக்கும் இவர் காரணம் கேட்பார். ஆகவே தானே இறங்கினார். டைப்ரைட்டர் துடைக்கிற பிரஷ்ஷும் எண்ணெய்க் கிண்ணமும்தான் ஆயுதம். "இதுவும் டைப்ரைட்டர்தான்யா, கொஞ்சம் ஜாஸ்தியா சத்தம் போடுது" என்பார். ஒரு சமயத்தில் ஒரு கோளாறுதான் பார்ப்பார். அதைச் சரிசெய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவார். கார் எங்கே நிற்கிறதோ அந்த லிங்கத்தின் பெயர்தான் அந்த நோய்க்குப் பெயர். மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் இருக்கிறதே, அது அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

முதலில் அக்னி லிங்கத்துக்கிட்டே எஞ்சின் கொதித்தது. கூட்டத்தில் ஊர்ந்து வந்ததால்தான் என்று நாங்கள் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். வேட்டிக் கொடி மாதிரி தொங்கியது. இழுத்து முறுக்கியதும் அக்னி லிங்கம் தாண்டியது. அடுத்து எம லிங்கம். அங்கே பிரேக் இல்லை. சார் மிதிக்கிறார், மிதிக்கிறார், கட்டை தரையைத் தொடுகிறது, வண்டி தன்பாட்டுக்குப் போகிறது. கடைசியில் ஒரு புளியமரம்தான் தயவு பண்ணி நிறுத்தியது.

"எம லிங்கத்துல பிரேக் போறது நல்ல சகுனம் இல்ல சார்" என்றேன்.

"சகுனம் இல்ல தம்பி, பிரேக் லைன்ல காத்து" என்றார், நெற்றியில் புடைப்போடு. அடுத்த வாரம் முழுக்க என்னை மிதிக்கச் சொல்லி, அவர் கீழே படுத்துக் காற்றை வெளியேற்றினார்.

வருண லிங்கத்தில் ரேடியேட்டர் ஒழுகியது. சமையலறையிலிருந்து மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார். ஓட்டை அடைந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் கார் சூடாகும்போதெல்லாம் தெருவில் குழம்பு வாசனை வந்து, எங்களைப் போன்ற பிரம்மச்சாரிகளை வீணாக ஏங்க வைத்தது.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். மலையை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும், இல்லையா? பக்தர்களுக்கு அது நடைக்கு. இவர் காருக்கும் அதையே விதித்துவிட்டார். அக்னி லிங்கத்தில் கார் படுத்துவிட்டால் வீடு கூப்பிடு தூரம். திருப்பித் தள்ளினால் காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம். சார் கேட்க மாட்டார்.

"மலைய எடப்பக்கமா வச்சு ஒரு அடி போவ மாட்டேன். முன்னாடியே தள்ளுங்க."

முன்னாடியே என்றால் முழு மலையும். அடி அண்ணாமலையில் டீக்கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். பின்னோக்கிப் போவது என்கிற பேச்சே சாரிடம் கிடையாது. வீட்டு வாசலில்கூட ரிவர்ஸ் கியர் போட்டதில்லை. சந்தைச் சுற்றி வந்துதான் நிறுத்துவார்.

பெரிய வியாதி வாயு லிங்கத்தில் இருந்தது. வெயில் ஏறிய பிறகு போனால் அங்கே எஞ்சின் அணைந்துவிடும். என்ன செய்தாலும் உயிர் வராது. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி முடிக்கும்போது, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்த ஒரு லாரி டிரைவர் கார்பரேட்டர் என்றார். சார் அதைக் கழற்றிக் கழுவினார். மறுபடியும் நின்றது. ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்தார். மறுபடியும் நின்றது. மழை நாளில் மட்டும் நிற்கவில்லை. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது.

"சூட்டுலதான் நிக்குது. ஆறினா ஓடுது. பெட்ரோல் பம்பு எஞ்சின் பக்கத்துலயே உக்காந்துருக்கு பாரு. உள்ள பெட்ரோல் ஆவியாப் போயிடுது தம்பி!"

மறு ஞாயிறு வேண்டுமென்றே உச்சி வெயிலில் கிளம்பினார். சொல்லி வைத்த மாதிரி வாயு லிங்கத்தில் அணைந்தது. கமலாக்காவின் பழைய புடவைத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். கொஞ்சம் பொறுத்துத் தள்ளினோம். பிடித்துக்கொண்டது! சார் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் ஒரே வெள்ளைச் சட்டை போயிற்று. அதற்காக அன்றைக்கு நான் வருத்தப்படவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கமலாக்கா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில் தண்ணீர் கேன், ஈரத்துணி, மஞ்சள் தூளோடு சாட்சி. தெருவில் தள்ளிக் கிளப்பினோம். தேரடியிலிருந்துதான் கணக்கு, அதுவரை தள்ளலாம் என்று மச்சான் பெரிய மனது பண்ணினார். பின்னாலேயே ஜீப்பில் கயிற்றோடு வந்தார்.

அக்னி தாண்டியது. எமன் தாண்டினான். வருணன் சொட்டவில்லை. அடி அண்ணாமலை டீக்கடைக்காரர் பாலை வைத்துவிட்டு, நாங்கள் நிற்காமல் போவதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். வாயு லிங்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓடியது. குபேர லிங்கமும் போயிற்று. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இன்னும் ஈசானியம் ஒண்ணுதாங்க" என்றார். சார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

அப்போதுதான் ஒரு குறுகலான மதகின்மேல் எதிரே வைக்கோல் வண்டி வந்தது. மாடு பின்னால் போகாது. வேறு வழியில்லை. சார் மலையைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ரிவர்ஸ் கியர் போட்டார். கடகடவென்று ஒரு சத்தம். கார் பின்னால் போய் வழிவிட்டது. வைக்கோல் வண்டி கடந்து போனது. கியர் மட்டும் திரும்பி வரவே இல்லை.

தொடாமலே வைத்திருந்த அந்தக் கியர் கம்பி துருவேறி, போட்ட இடத்திலேயே இறுகிவிட்டது. என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, கிளட்சை மிதித்தபடி எஞ்சின் அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சார் பானட்டைத் திறந்து தட்டினார், எண்ணெய் ஊற்றினார், கெஞ்சினார். மச்சான் கயிற்றோடு வந்துவிட்டார்.

"போதும் மாப்ளே, கவுரவம் பாக்காத. கட்டிடலாம்."

சார் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கறுப்பு எண்ணெய், கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. அப்போது கமலாக்கா ஜன்னலிலிருந்து கேட்டார்.

"ஏங்க, இப்ப எந்தக் கியருதான் போவுது?"

"ரிவர்ஸ் மட்டும்தான் கமலா."

"போவுதுல்ல? அப்ப அதுல போங்க."

சார் பானட்டை மூடினார். பிறகு ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு ஏறினார். பக்கத்தில் கடலைக்காய் பிடுங்கிப்போட்ட காலி நிலம். அதற்குள் பின்பக்கமாகவே அரை வட்டம் அடித்தார். இப்போது காரின் மூஞ்சி வந்த வழியைப் பார்க்கிறது, பின்பக்கம் ஈசானியத்தைப் பார்க்கிறது. பின்னால் போனால் முன்னால் போகலாம்.

"எனக்கு மலை எடப்பக்கமா வருதே" என்றார் அக்கா.

அதற்கும் விட்டாரா மனிதர்? அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி, ஸ்பேனரை எடுத்து அந்தச் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி முடுக்கினார். அவ்வளவு நேரமும் கிளட்சில் என் கால்தான். பிறகு நான் பின் சீட்டுக்குப் போக, அக்கா எனக்கு எதிரே, மாப்பிள்ளை அழைப்பில் வருகிற மாதிரி கம்பீரமாக உட்கார்ந்தார். மலை அவருக்கு வலப்பக்கம். கார் உறுமிக்கொண்டு பின்னோக்கிப் புறப்பட்டது.

ஜீப்பும் எங்கள் காரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி ஊர்ந்தன. ஈசானிய லிங்கத்தில் இருந்த சாமியார்கள் எழுந்து நின்றார்கள். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு போலீஸ்காரர் கை காட்ட வந்து, எந்தப் பக்கம் காட்டுவதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டார். தள்ளாமல், கயிறு கட்டாமல், தேரடியில் வந்து நின்றது. அக்கா ராஜகோபுரத்தைப் பார்த்து அழுதார். சார் கழுத்து திரும்பிய வாக்கிலேயே நின்றுவிட்டதால், வேறெங்கோ பார்த்தபடி அவரும் அழுதார்.

மச்சான் கயிற்றை ஜீப்பில் எறிந்துவிட்டுத் தேங்காய் வாங்கிவந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார்.

"முன்னாடி உடைக்கிறதா, பின்னாடி உடைக்கிறதா மாப்ளே?"

"ரெண்டு பக்கமும் உடைண்ணா" என்றார் அக்கா.

கழுத்துப் பிடிப்பு விட்டதும் சார் கியரைச் சரிசெய்தார். சீட்டைத் திருப்பப் போனபோது அக்கா தடுத்துவிட்டார். "இப்படியே இருக்கட்டுங்க. வண்டி ஓட்டறப்போ உங்க மூஞ்சிய பாத்துக்கிட்டே வரலாம்." சார் வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். நான் இருந்த வரைக்கும் அந்தச் சீட்டு அப்படியேதான் இருந்தது.

எனக்கு மாற்றலானபோது இரண்டு பேருமே காரில் ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார்கள். பாதி வழியில் நின்றுவிட்டது. சார் சங்கடத்தோடு திரும்பிப் பார்ப்பதற்குள் நான் பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கியிருந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ நல்ல கார்களில் போயிருக்கிறேன். இறங்கித் தள்ளலாம் என்று ஆசையாக இருந்தது அந்த ஒரு காரை மட்டும்தான்.