நெஞ்செரிச்சல்காரரின் ஈஸ்டர் கோழி

இந்த ஈஸ்டருக்குக் கோழிக் குழம்பு சாப்பிட்டே தீருவது என்று அயலேவ் தீர்மானித்தார். கூடாது என்று டாக்டர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். டாக்டருக்கும் மேலான டாக்டர் ஒருத்தி வீட்டில் இருந்தாள். மனைவி அஸ்னாகெச்.

அயலேவுக்கு நெஞ்செரிச்சல். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அடிஸ் அபாபாவில் அது இல்லாதவரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நில அளவை அலுவலகத்தில் அவர் பிரிவில் ஒன்பது பேர். ஏழு பேரின் மேசையில் வெள்ளை மருந்து பாட்டில். மீதி இரண்டு பேர் மாத்திரைக்காரர்கள்.

ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் புளித்தண்ணீர் தொண்டைக்கு வரும். அதனால் லேஸ் இல்லாத ஷூ. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். படுக்கும்போது தலையணையில் இருப்பார். விடியும்போது சறுக்கிக் கால்மாட்டில் கிடப்பார். தேவாலயத்தில் குரல் கரகரத்துப் பாதிரியாரே சொல்லிவிட்டார்: "நீ மனசுக்குள்ள பாடுப்பா. கடவுளுக்குக் கேக்கும்."

இத்தனைக்கும் நடுவில் ஈஸ்டர் வரை ஐம்பத்தைந்து நாள் நோன்பு. கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. அத்தனை நாளும் மனிதர் கடவுளை நினைத்திருக்க வேண்டும். கோழியை நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அவிச்ச உருளைக்கிழங்கு," என்றாள் அஸ்னாகெச், வெங்காயம் நறுக்கியபடி.

"ஈஸ்டருக்கு உருளைக்கிழங்கா? நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கிடக்கேன்?"

"கிடந்தா நல்லாருக்கும். நீங்க விடுற ஏப்பத்துக்கு நர்ஸாவது எழுந்து வருவா. இங்க நான்தான் எழுந்திருக்கேன்."

"ஒரே ஒரு துண்டு, அஸ்னா."

"ஒரு துண்டு நீங்க தின்னா ஒரு வாரம் நான் செங்கல் அடுக்கணும்."

இதற்கு மேல் வாதாடிப் பயனில்லை. அயலேவ் முற்றத்துக்குப் போய், பால்ய நண்பன் ஷிபராவுக்குப் போன் போட்டார்.

"டேய், ஈஸ்டருக்குச் சம்சாரத்தோட வா. தட்டைச் சுத்தி உக்காந்ததும் உன் கையாலயே எனக்கு ஒரு வாய் குர்ஷா ஊட்டு. பெருசா உருட்டு. விருந்தாளி கையால வாய்க்கு வந்த உருண்டையை வேண்டாம்னா அவமானம். அவளாலயும் தடுக்க முடியாது."

"செய்யறேன். ஆனா நீயும் எனக்கு ஊட்டணும்."

"உனக்கெதுக்குடா? நீயே எடுத்துத் தின்ன வேண்டியதுதானே?"

ஷிபராவ் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அதே டாக்டர்தான்டா."

ஈஸ்டர் மதியம். பெரிய தட்டில் இஞ்செரா என்ற புளித்த மாவு அப்பத்தை விரித்து நால்வரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம். எதிரே அஸ்னாகெச்சும் ஷிபராவின் மனைவி மிந்துவாபும். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கை நீட்டுகிறவன் மனிதனே அல்ல.

அஸ்னாகெச் பெரிய சட்டியிலிருந்து பெண்கள் பக்கம் ஊற்றினாள். பிறகு ஒரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்து ஆண்கள் பக்கமும் ஊற்றினாள். செக்கச்செவேல்!

"பண்டிகைத் தட்டு வெறுமையா இருக்கக் கூடாதேன்னு ஊத்தறேன். பார்வைக்குத்தான். தொடக் கூடாது."

எதற்கு இரண்டு சட்டி என்று கேட்கும் நிலையில் அயலேவ் இல்லை.

ஷிபராவ் கைமுட்டி அளவுக்கு உருட்டினார். "பண்டிகை நாளு. மறுக்காதடா!"

அஸ்னாகெச் பெருமூச்சு விட்டாள். "குர்ஷாவை என்னால எப்படித் தடுக்க முடியும் அண்ணா? ஊட்டுங்க."

அயலேவ் கண்ணை மூடி வாயைத் திறந்தார். மென்றார். இன்னும் கொஞ்சம் மென்றார்.

தக்காளி. கொஞ்சம் பீட்ரூட். உள்ளே எங்கேயோ கோழி. மிளகாய்ப்பொடி மருந்துக்கும் இல்லை.

பதிலுக்கு அவர் ஊட்டியதை வாங்கிய ஷிபராவின் தாடையும் நடுவழியில் நின்றது.

"ஒண்ணோட நிறுத்தினா எப்படி?" என்றாள் மிந்துவாப். "ஒரு குர்ஷா சண்டை மூட்டும், ரெண்டு பிரிச்சு வைக்கும், மூணுதான் சேர்த்து வைக்கும்னு சொல்வாங்களே. ஊட்டுங்க, ஊட்டுங்க!"

இரண்டு ஆண்களும் ஒருவருக்கொருவர் மும்மூன்று முறை பீட்ரூட் ஊட்டிக்கொண்டார்கள். எதிரே பெண்கள் நிஜக் குழம்பில் மூக்கு ஒழுக, உஸ் உஸ்ஸென்று விரலை நக்கினார்கள்.

"என்னங்க, எப்படி இருக்கு?" என்றாள் அஸ்னாகெச்.

காரமே இல்லை என்றால், காரத்துக்குத்தான் வாயைத் திறந்தீர்களா என்பாள். போனில் பேசியதெல்லாம் சந்திக்கு வரும். அயலேவ் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சரியான காரம்! நாக்கே எரியுது."

"ஆமா ஆமா," என்றார் ஷிபராவ், வராத கண்ணீரைத் துடைத்தபடி.

"அய்யோ!" அஸ்னாகெச் பதறினாள். "டாக்டர் என்னையில்ல திட்டுவாரு! மிந்துவாப், அந்தக் கோழியையும் நம்ம பக்கம் தள்ளு."