நாலுக்கு மேல் போடாத புள்ளியர்

யாழ்ப்பாணக் குடாநாடு எத்தனையோ எரிச்சல் பிடித்த மனிதரைப் பெற்றிருக்கிறது. அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டிலும் எங்கள் புள்ளியரை மறு தட்டிலும் வைத்தால், புள்ளியரின் தட்டுத்தான் தாழும். சாட்சி சொல்ல எங்கள் அலுவலகமே திரண்டு வரும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். கண் சிகிச்சை நிலையம் ஒன்றுக்காக, நோயாளிகளோடு தொலைபேசியில் கதைக்கும் ஏஐ ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதன் கையில் சில கருவிகளைக் கொடுத்திருந்தோம். திகதி குறிக்க ஒன்று, மாற்ற ஒன்று, அழிக்க ஒன்று. எதை எப்போது எடுப்பது என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் நாங்கள் எழுதிவைக்கும் விளக்கத்தை வாசித்துத்தான் முடிவெடுக்கும். அந்த விளக்கங்களுக்குப் பத்துக்குப் புள்ளி போடுவது புள்ளியரின் வேலை. ஏழு எடுத்தால்தான் வெளியே விடலாம். அவர் எல்லாவற்றுக்கும் நாலு போட்டார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

"இந்த நவீன கருவி மிகவும் பயனுள்ளது" என்று ஒருத்தி எழுதினாள். புள்ளியர் அந்தத் தாளோடு கீழே இறங்கி, தரிப்பிடத்தில் நின்ற ஓட்டோக்காரரிடம் வாசித்துக் காட்டினார்.

"அண்ணை, இதை வைச்சு என்ன செய்வியள்?"

"எங்கை போறது, ஆரை ஏத்திறது எண்டு சொல்லாமல் நான் சாவியே திருப்பமாட்டன்."

"சாரதி நிராகரித்தார்" என்று தாளில் எழுதி, நாலு போட்டார்.

வீட்டிலும் ஆள் இப்படித்தான். தெல்லிப்பழையில் அவர் வீட்டுக்கு எங்கள் மனேஜர் ஒருநாள் போனார்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"சீச்சீ, வேண்டாம். உங்களுக்கேன் கரைச்சல்."

முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது பழக்கத்துக்கு, மூன்றாம் தரம் கேட்டால் குடிப்பது. இது இங்கே பால்குடிக்கும் தெரியும். புள்ளியர் முதல் வேண்டாமோடு அடுப்பை நிறுத்திவிட்டார். மனேஜர் இரண்டு மணித்தியாலம் காய்ந்த தொண்டையோடு கதைத்துவிட்டு, சந்திக் கடையில் இரண்டு கிளாஸ் குடித்தாராம்.

இனி என் கதை. அழிக்கும் கருவிக்கு நான் எழுதிய விளக்கம்: "நோயாளி வேண்டாம் என்று சொன்னால் திகதியை அழிக்கும்." ஒரே வரி. இதில் என்ன குறை? புள்ளியர் நாலு போட்டு, "என்ன வேண்டாம்? எத்தனையாம் வேண்டாம்?" என்று சிவப்பில் கிறுக்கியிருந்தார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "அண்ணை, உது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்!"

"சின்னப்பிள்ளைக்குத் தாய் தேப்பன் பழக்கியிருக்கினம், ஐசே. உந்தச் சாமானுக்கு ஆர் பழக்கினது?"

"உங்களுக்கே ஒருத்தரும் பழக்கேல்லை!"

"அதாலைதான் உது பிழையெண்டு எனக்குத் தெரியுது."

வெள்ளிக்கிழமை அவர் லீவு. நான் தாளை மனேஜரிடம் நீட்டினேன். மனேஜர் வாசிக்காமலே எட்டுப் போட்டார். வாசிக்காதவர்கள் புள்ளி போடுவதில் வள்ளல்கள். பின்னேரமே ஏஐயை வெளியே விட்டோம்.

சனிக்கிழமை காலை புள்ளியர் முதல்நாள் அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை என் காதில் மாட்டினார். கீரிமலைப் பக்கம் கடற்தொழில் செய்யும் குடும்பத்து அம்மா ஒருவர். திங்கட்கிழமை அவருக்குக் கண் சத்திரசிகிச்சை. மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த திகதி.

"காலை எட்டு மணிக்கு வர வேண்டும் அம்மா" என்றது ஏஐ.

"எட்டோ? அந்த நேரம் பஸ் கிடைக்குமோ தெரியேல்லை, பிள்ளை..."

"நேரத்தை மாற்றித் தரவா?"

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. என்னாலை உங்களுக்கேன் கரைச்சல்."

"நல்லது அம்மா. பதிவு செய்துவிட்டேன்."

பதிவு செய்தது என்ன? திகதியை அழித்ததை! அவருடைய இடம் அப்போதே வேறொருவருக்குப் போய்விட்டது. இது ஒன்றும் தெரியாமல் அந்த அம்மா, மங்கிய கண்ணோடு திங்கட்கிழமை வந்து வாசலில் நிற்கப்போகிறார். எல்லாம் நான் எழுதிய அந்த ஒரே வரியால்.

புள்ளியர் ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். "ஏறும், ஐசே" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். நேரே சிகிச்சை நிலையம். "திங்கட்கிழமை இடமில்லை" என்றார் தாதி. புள்ளியர் வாதாடவில்லை. அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்.

"என்ரை அம்மாவும் உப்பிடித்தான் சொல்லியிருப்பா" என்ற தாதி, உள்ளே போய் டொக்டரோடு கதைத்துப் பதினொரு மணிக்கு ஓர் இடம் வாங்கித் தந்தார்.

அங்கிருந்து கீரிமலைக்குப் போனோம். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மெசினை ஏசிப்போடாதையுங்கோ தம்பி, பாவம். மரியாதையாய்த்தான் கதைச்சது" என்றார் அம்மா.

திங்கட்கிழமை சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. செவ்வாய்க்கிழமை மனேஜர் அறிக்கை கேட்டார். வாசிக்காமல் எட்டுப் போட்டவருக்கு இப்போது ஒரு குற்றவாளி தேவை. என் வேலை போவது நிச்சயம். அறிக்கை எழுதப் பணிக்கப்பட்டவரோ புள்ளியர். ஆருக்காகவும் ஒரு சொல்லை வளைக்காத மனிதர்.

எழுதி மேசையில் வைத்திருந்ததை அவர் இல்லாத நேரம் எடுத்து வாசித்தேன். பிழைக்குக் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: "மதிப்பிட்டவர் குறையைத் தெளிவாகச் சொல்லவில்லை."

மதிப்பிட்ட புள்ளியர் எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் கீழே இறங்கிப் போய், அவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு நின்றேன். அதில் தூசி இருக்கவில்லை.