ஜன்னலுக்கு வாங்கிய மூங்கில்

உயிரோடிருந்த என் தகப்பனாருக்கு நான் ஒருமுறை இழவுக் கூட்டம் சேர்த்திருக்கிறேன். பகையால் அல்ல, ஜன்னலுக்குத் திரை போடும் ஆசையால்.

அப்போது சேலம் காலேஜில் இரண்டு வருஷம் படித்துத் தேறாமல் ஊர் திரும்பியிருந்தேன். (தேறியவர்களுக்கு இவ்வளவு நாகரிகம் வருவதில்லை.) வெள்ளிக்கிழமை தங்கைக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டார் வந்து உட்காரப்போகிற ஆசாரத்தை, அதாவது எங்கள் முன்கூடத்தை, பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. வாசலைப் பார்த்த நான்கு ஜன்னல்களிலும் பூட்டனார் காலத்து மரத்தட்டிகள், சுவரோடு சேர்த்துப் பதித்தவை. நடுப்பகலிலும் உள்ளே இருப்பது யார் என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானோ சேலத்தில் ஒரு துரை பங்களாவில் வெள்ளைத் திரை காற்றில் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன்.

ஐயன் (எங்கள் பக்கம் தகப்பனாரை அப்படித்தான் சொல்வோம்) வரப்பில் வழுக்கி விழுந்து, நாலு நாளாக உள்ளறையில் கட்டிலோடு கிடந்தார். எழுந்து வந்து தடுக்க மாட்டார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, தட்டிகளைப் பெயர்க்க ஆசாரியை ஏவிவிட்டு, வண்டி கட்டிக்கொண்டு பள்ளிபாளையம் போனேன்.

திரைக்கு வெள்ளைக் காடாத் துணி வாங்கினேன். அதை மாட்டப் பித்தளைக் கம்பி அகப்படவில்லை. மூங்கில் கடையில் பச்சை மூங்கிலாக, நல்ல நீளத்தில் இரண்டு எடுத்தேன். அம்மா சொல்லிவிட்டிருந்த புதுப் பானை ஒன்று. நேரம் மிச்சமிருந்ததால் சவரக் கடையில் உட்கார்ந்து, துரைமார் மாதிரி மீசையையும் மழித்துக்கொண்டேன்.

மூங்கில், கோடித்துணி, புதுப்பானை, மழித்த மீசை. இவற்றோடு வீட்டின் ஒரே மகன் வண்டியில் வந்தால் என்ன அர்த்தம் என்று வண்டி மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

எதிரே வந்தவர்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவன் என்ற மரியாதையாக்கும் என்று, கலெக்டர் போலத் தலையை மட்டும் அசைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் ஆசாரியின் சுத்தியல் சத்தம் வீதி முனைவரை கேட்டது. நான் ஒரு மூங்கிலை அறுத்து இரண்டு ஜன்னல்களுக்குத் திரை மாட்டினேன். மற்றதை வாசலில் போட்டு அரிவாளால் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வடக்கு வீதியிலிருந்து தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அத்தை ஓடிவந்தாள்.

"அண்ணா, என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டயே!"

அவளுக்குப் பின்னால் பாதி ஊர். அதற்கும் பின்னால், கையில் மாலையோடு சம்பந்தி. என் கையிலிருந்த அரிவாள் நழுவியது. என் மழித்த முகத்தைப் பார்த்ததும் பெண்களின் அழுகை இரண்டு மடங்காயிற்று.

அந்த நேரம் பார்த்து வெள்ளைத் திரை விலகியது. நாலு நாள் தாடியும், தோளில் வெள்ளை வேட்டியுமாக, அழுகைச் சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து வந்த ஐயன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, ஆரு செத்துப்போனது?"

அத்தை அப்படியே சாய்ந்துவிட்டாள். சம்பந்தியின் கையிலிருந்த மாலை காலடியில் விழுந்தது. வாசற்படியில் வந்து நின்ற தங்கை மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நிச்சயத்துக்கு முன்னால் சம்பந்தி மாலையோடு இழவுக்கு வந்தாயிற்று. இதற்குமேல் என்ன சகுனம் வேண்டும்? என் இருபத்திரண்டு வயதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை மூங்கிலால் அடித்துவிட்டேனே என்று, விழுந்த மாலையை அவசரமாக எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அம்மா கொண்டுவந்து நீட்டிய சொம்புத் தண்ணீரைச் சம்பந்தி முழுக்கக் குடித்தார். ஜன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். விஷயம் பிடிபட்டது.

"இத்தன பேரு அழுதது மச்சானுக்கு ஆயுசுங்க. வெள்ளிக்கெழம வாரோம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்குள்ள அந்தத் தட்டிய இருந்த எடத்துலயே வெச்சுப்போடுங்க சாமி."

வைத்தேன். நிச்சயம் நடந்தது, இருட்டில்.

கதை மட்டும் ஊர் ஊராகப் போய், பள்ளிபாளையத்தையும் எட்டியிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து ஐயன் மெய்யாகவே போனபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே மூங்கில் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"எத்தன சன்னலுங்க?"